மாட வீதியிலிருந்து சபா வரை

மார்கழி மாதத்தில் சென்னை மயிலாப்பூரில் வார இறுதி நாளைக் கழிப்பதற்கு வாகனமோ பெரும்பணமோ தேவைப்படுவதில்லை. கபாலீசுவரர் கோயில், லஸ் முனை, நாகேசுவர ராவ் பூங்கா, இசை அரங்குகள் ஆகிய அனைத்தும் நடந்து சென்றடையும் தொலைவிலேயே அமைந்திருப்பது பெருநகரத்தார்க்கு எளிதில் வாய்க்காத பேறாகும்.

நாளின் தொடக்கம் மாட வீதிகளில் அமைகிறது. கோயிலைச் சுற்றி நாற்புறமும் ஓடும், உற்சவ மூர்த்தி உலா வரும் தெருக்களே மாட வீதிகள் எனப்படும். மார்கழி விடியலில் இவ்வீதிகளில் பாடியபடியே வலம் வரும் பஜனையைப் பல்லாண்டுகள் முன்னின்று நடத்தியவர், தமிழ்க் கீர்த்தனைகள் பலவற்றை இயற்றிய பாபநாசம் சிவன் (1890–1973) ஆவார். மேடையும் நுழைவுச்சீட்டும் இன்றி, நடப்பவரே பாடகராகவும் கேட்பவராகவும் விளங்கும் இவ்வழக்கத்தை, அரங்கக் கச்சேரிக்கு எவ்வகையிலும் குறைந்ததாகக் கருதுவதற்கில்லை.

அங்கிருந்து லஸ் பக்கம் நடப்பவர், போர்ச்சுகீசியர் எழுப்பிய பிரகாச மாதா ஆலயத்தைக் காணலாம். அதிலுள்ள கல்வெட்டு 1516ஆம் ஆண்டைக் குறிக்கிறது. போர்ச்சுகீசிய மொழியில் ஒளியைக் குறிக்கும் 'லஸ்' என்னும் சொல்லே சுற்றுப்புறத்துக்கும் பெயராயிற்று. அக்காலத்தில் மரங்களடர்ந்த இடத்தில் நின்றதால் மக்கள் இதைக் காட்டுக்கோயில் என்றும் அழைத்தனர். அருகிலுள்ள நாகேசுவர ராவ் பூங்கா, அமிர்தாஞ்சன் நிறுவனரும் 'ஆந்திர பத்திரிகா' இதழின் ஆசிரியருமான காசிநாதுனி நாகேசுவர ராவின் பெயரைத் தாங்கியது. ஒலிபெருக்கியின்றிச் சிறுவர் சிறுமியர் பாடும் கச்சேரிகள் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இங்கு நடந்து வந்துள்ளன. மெட்ரோ ரயில் பணிகளால் லஸ் வட்டாரத்தில் நடப்பது அண்மை ஆண்டுகளில் கடினமாகியிருப்பது வருந்தத்தக்கது.

மார்கழியையொட்டி இங்குள்ள அரங்குகளில் நடக்கும் டிசம்பர் இசை விழாவின் வேர் அரசியல் மாநாடு ஒன்றில் உள்ளது. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி அகில இந்திய இசை மாநாடும் நடத்தப்பட்டது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. அதன் ஆண்டு மாநாடு விடுமுறைக் காலமான டிசம்பரில் நிலைபெற, பிற சபாக்களும் அதே பருவத்தில் விழா எடுக்கத் தொடங்கின. சபா என்பது உறுப்பினர் கட்டணம், சீசன் டிக்கெட், நன்கொடை ஆகியவற்றைக் கொண்டு ரசிகர்களே நடத்தும் அமைப்பு. மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் இல்லை என்ற குறையிலிருந்து எழுந்த இயக்கம், 1943இல் தமிழ் இசைச் சங்கத்தை உருவாக்கியது. யுனெஸ்கோ அமைப்பு 2017இல் இசைக்கான படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சென்னையைச் சேர்த்ததற்குப் பின்னணியாக இத்தகைய அமைப்புகளின் நெடுங்கால உழைப்பு இருக்கிறது.

சபாவுக்குப் புதிதாகச் செல்வோர் கச்சேரியின் ஒழுங்கை அறிந்திருந்தால் கேட்பது எளிதாகும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைப்படுத்திய முறையில், கச்சேரி விறுவிறுப்பான வர்ணத்தில் தொடங்கி, சிறிய கீர்த்தனைகளின் வழியே, ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையோடு கூடிய பெரிய உருப்படிக்கு நகர்கிறது. அதன் இறுதியில் மிருதங்கமும் கடம் முதலியனவும் மட்டும் ஒலிக்கும் பகுதி தனி ஆவர்த்தனம். இதனைச் சிற்றுண்டிக்கான இடைவேளையாகக் கருதிப் பலர் எழுந்து செல்கின்றனர். ஒரே தாளத்தைப் பலவாறு பகுத்து, எடுத்த இடத்துக்கே தவறாமல் கொண்டுவந்து சேர்க்கும் கணக்கு அப்போதுதான் தெளிவாக வெளிப்படுகிறது என்பதால், அவர்கள் இழப்பது மிகுதி. சிற்றுண்டிக் கூடமும் விழாவின் ஓர் அங்கமே எனினும், கீரை வடையும் காபியும் கச்சேரி முடிந்த பின்னரும் கிடைக்கும். நிறைவில் துக்கடா எனப்படும் சிறு பாடல்களும், அவற்றைத் தொடர்ந்து மங்களமும் இடம்பெறுகின்றன.

புகழ்பெற்ற கலைஞர்களின் மாலைக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடைப்பது அரிதாக இருக்க, வளரும் இளைஞர்கள் பாடும் மதியக் கச்சேரிகளோ பல சபாக்களில் கட்டணமின்றியே நடைபெறுகின்றன. ஆயினும் இருக்கைகள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கின்றன. ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள் வெற்று நாற்காலிகளை நோக்கிப் பாடும் நிலை, இவ்வளவு பெரிய விழாவுக்குப் பொருந்துவதன்று. வரும் மார்கழியில் மாட வீதிக்கு வரும் வாசகர்கள், ஒரு சனிக்கிழமை மதியத்தையேனும் ஒதுக்கி, அருகிலுள்ள சபாவுக்கு நடந்து சென்று, முன்வரிசையில் அமர்ந்து, தனி ஆவர்த்தனம் முடியும்வரை எழாமல் கேட்க வேண்டும்.