+94 என்றால் இலங்கை... இதை முடிவு செய்தது யார்? போலீஸே இல்லாமல் உலகின் போன்களை ஆளும் ஐ.டி.யு-வின் கதை

ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு மிஸ்டு கால். எண் +94 என்று தொடங்குகிறது. இலங்கையில் இருந்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே புரிந்துவிடுகிறது. +65 என்றால் சிங்கப்பூர். +971 என்றால் துபாய் சித்தப்பா. இதையெல்லாம் நாம் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை, பழக்கத்தில் வந்தது. சரி, இலங்கைக்கு 94, நமக்கு 91 என்று யார் பிரித்துக் கொடுத்தார்கள்?

ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்தான் அது. சுருக்கமாக ஐ.டி.யு. ஐ.நா. குடும்பத்தைச் சேர்ந்த அமைப்புதான். ஆனால், ஐ.நா.வைவிட 80 வயது மூத்தது. 194 நாடுகள் இதில் உறுப்பினர்கள். உலக சுகாதார அமைப்பின் பெயர் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. ஐ.டி.யு-வுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இத்தனைக்கும் நம் பாக்கெட்டில் இருக்கும் போன் ஒவ்வொரு நொடியும் இதன் விதிகளைப் பின்பற்றித்தான் வேலை செய்கிறது.

அந்த விதிகளை ஒரு நாடு மீறினால் ஐ.டி.யு என்ன செய்யும்? கடிதம் எழுதும். அவ்வளவுதான். அபராதம் இல்லை, போலீஸ் இல்லை. பிறகு எப்படி இது ஓடுகிறது, இனியும் ஓடுமா என்பதுதான் விஷயமே.

ஒரு நாடு உடைந்தால் அதன் எண் என்ன ஆகும்?

முதலில் எண்களுக்கே வருவோம். 1960-களில் உலகத்தை மண்டலங்களாகப் பிரித்தார்கள். 1 வட அமெரிக்காவுக்கு, 2 பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்கு, 3, 4 ஐரோப்பாவுக்கு. தெற்காசியாவும் மேற்காசியாவும் 9-ல் வந்தன. 7 சோவியத் யூனியனுக்குப் போனது. சோவியத் போய் முப்பது வருடங்களுக்கு மேலாகியும் ரஷ்யாவும் கஜகஸ்தானும் இன்றும் அதே +7-ஐத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன.

கிழக்கு ஜெர்மனியின் எண் +37. இரு ஜெர்மனிகளும் இணைந்ததும் அது காலியானது. அதை அப்படியே விடாமல் பின்னால் ஓர் இலக்கம் சேர்த்துப் பிளாட் போட்டு விற்பதுபோலப் பிரித்தார்கள். லிதுவேனியாவுக்கு 370, லாட்வியாவுக்கு 371, எஸ்தோனியாவுக்கு 372 என்று வரிசையாகப் போனது. யூகோஸ்லாவியாவின் +38-க்கும் இதே கதைதான். குரோஷியா 385, ஸ்லோவேனியா 386.

இதில் மாட்டிக்கொண்டது கொசோவோ. 2008-ல் சுதந்திரம் அறிவித்தது. செர்பியா ஏற்கவில்லை. ஐ.நா.வில் இடமில்லை, ஐ.டி.யு-விலும் உறுப்பினர் இல்லை. அதனால் தனி எண்ணும் இல்லை. என்ன செய்தார்கள்? லேண்ட்லைனுக்கு செர்பியாவின் +381. மொபைலுக்கு மொனாகோவிடமும் ஸ்லோவேனியாவிடமும் எண்களைக் கடன் வாங்கினார்கள். ஒரே தெருவில் இருக்கும் மூன்று போன்கள் மூன்று நாட்டு எண்களில் இருக்கலாம். கடைசியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் மத்தியஸ்தத்தில் செர்பியாவும் கொசோவோவும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்த பிறகுதான் 2016 டிசம்பரில் +383 ஒதுக்கப்பட்டது.

கவனித்தீர்களா? எண் கொடுப்பது ஐ.டி.யு. ஆனால் நாடுகள் ஒத்துக்கொள்ளும்வரை அதனால் அந்த மூன்று இலக்கங்களைக்கூடக் கொடுக்க முடியவில்லை. இதன் பலம், பலவீனம் இரண்டுமே இதுதான்.

இளவரசருக்கே 'நாட் ரீச்சபிள்'

இப்படியொரு அமைப்பு ஏன் தேவைப்பட்டது? 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தந்தி அனுப்பினால் அது நாட்டின் எல்லையில் நின்றுவிடும். அங்கே செய்தியைக் காகிதத்தில் எழுதி, அடுத்த நாட்டு ஊழியரிடம் கையில் கொடுக்க வேண்டும். அவர் தன் நாட்டுக் கம்பியில் மறுபடி அடித்து அனுப்புவார். மின்சார வேகத்தில் வந்த செய்தி, எல்லையில் மட்டும் நடந்து போகும். இந்தக் கூத்து போதும் என்று 1865 மே 17 அன்று பாரிஸில் 20 நாடுகள் கையெழுத்துப் போட்டன. ஐ.டி.யு பிறந்தது அப்படித்தான். பிரிட்டிஷ் இந்தியா 1869-லேயே உள்ளே வந்துவிட்டது.

அடுத்து வயர்லெஸ் வந்தது. அதன் சந்தையை மார்க்கோனியின் நிறுவனம் இறுக்கிப் பிடித்திருந்தது. மார்க்கோனி கருவி இல்லாத கப்பலோடு அவர்களின் நிலையங்கள் பேசாது. 1902-ல் ஜெர்மன் சக்கரவர்த்தியின் தம்பி இளவரசர் ஹைன்ரிஷ், அமெரிக்கப் பயணம் முடிந்து கப்பலில் திரும்பும்போது அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு நன்றிச் செய்தி அனுப்ப நினைத்தார். கப்பலில் இருந்தது ஜெர்மன் கருவி. மார்க்கோனி நிலையம் செய்தியை வாங்க மறுத்துவிட்டது.

கோபம் வந்தது ராஜ குடும்பத்துக்கு என்பதால் காரியம் வேகமாக நடந்தது. 1903-ல் பெர்லினில் கூடினார்கள். 1906-ல் மீண்டும் அங்கேயே கூடி ஒப்பந்தம் போட்டார்கள்: எந்த கம்பெனியின் கருவியாக இருந்தாலும் கப்பலும் கரையும் பேசிக்கொண்டே ஆக வேண்டும். ஆபத்தில் இருக்கும் கப்பல் அனுப்பும் 'எஸ்.ஓ.எஸ்' சமிக்ஞையும் அந்த மாநாட்டில் ஏற்கப்பட்டதுதான்.

ஜியோவில் இருந்து ஏர்டெல்லுக்கு போன் போவதை நாம் ஓர் அதிசயமாகவே நினைப்பதில்லை. டெலிகிராமில் இருந்து வாட்ஸ்அப்புக்கு ஒரு மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். யாரும் விதி போடாத இடத்தில் நிலைமை இன்னும் 1902-தான்.

காற்றில் யாருக்கு எவ்வளவு இடம்?

அலைவரிசைக்குப் பாஸ்போர்ட் கிடையாது. நம் அப்பா, அம்மா தலைமுறை இலங்கை வானொலியில் தமிழ்ப் பாட்டு கேட்டு வளர்ந்தது அதனால்தான். தனுஷ்கோடிப் பக்கம் டூர் போனபோது போன் திடீரென்று இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். அந்தப் பக்கம் தலைமன்னார் வெறும் 30 கிலோமீட்டர் சொச்சம்தான்.

விமானம், கப்பல், செயற்கைக்கோள், போலீஸ் வாக்கிடாக்கி, வைஃபை, 5ஜி என எல்லாம் ஒரே காற்றில் ஒன்றோடொன்று மோதாமல் போக வேண்டும். எந்த அலைவரிசை எந்த வேலைக்கு என்று பிரித்துச் சொல்லும் உலக ஒப்பந்தத்தின் பெயர் வானொலி ஒழுங்குமுறைகள். மூன்று, நான்கு வருடங்களுக்கு ஒருமுறை உலக வானொலித் தொடர்பு மாநாடு கூடி அதைத் திருத்துகிறது. கடைசியாக 2023-ல் துபாயில் நடந்தது. நான்கு வாரம் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகப் பேரம் பேசுவார்கள். பெரும்பாலும் வாக்கெடுப்புக்குப் போகாமல் ஒருமனதாகவே முடிவெடுப்பது இங்கே வழக்கம். அடுத்த நாட்டு சிக்னல் நம் சிக்னலைக் கெடுத்தால் நமக்கும் நஷ்டம், அவர்களுக்கும் நஷ்டம். இந்த பயம்தான் இத்தனை காலமாக போலீஸ் வேலை பார்க்கிறது.

ஐ.டி.யு எப்போதும் ஜெயித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 4ஜி என்றால் என்ன என்பதற்கு அது ஓர் அளவுகோல் வைத்தது. நின்ற இடத்தில் 1 ஜிபிபிஎஸ் வேகம் வர வேண்டும் என்பது அதில் ஒன்று. அதற்குள் அமெரிக்க கம்பெனிகள், அந்த வேகத்தின் பக்கத்தில்கூட வராத சேவைகளை '4ஜி' என்று விளம்பரம் செய்து விற்க ஆரம்பித்துவிட்டன. 2010 டிசம்பரில் ஐ.டி.யு இறங்கி வந்து, இவற்றையும் 4ஜி என்று சொல்லிக்கொள்ளலாம் என்றது. நம் போனில் '4ஜி' என்று காட்டியும் பஃபர் ஆகும்போது இந்த வரலாறு ஞாபகம் வரட்டும்.

இன்டர்நெட்டும் இதன் கையில் இல்லை. இணைய முகவரிகளைக் கவனிப்பது ஐகான் என்ற வேறு அமைப்பு. 2012-ல் துபாயில் நடந்த மாநாட்டில் சில நாடுகள் இன்டர்நெட்டையும் ஐ.டி.யு விதிகளுக்குள் இழுக்கப் பார்த்தபோது பெரிய சண்டை வந்தது. 89 நாடுகள் கையெழுத்துப் போட்டன. அமெரிக்கா, பிரிட்டன் உட்பட 55 நாடுகள் போடவில்லை. இந்தியாவும் அங்கே கையெழுத்திடவில்லை.

வானத்தில் துண்டு போடும் நாடுகள்

பஸ்ஸில் ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்போம் இல்லையா? விண்வெளியில் அதுதான் நடக்கிறது. டிவி செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் ஒரே வளையத்தில் நிற்கின்றன. அங்கே இடமும் அலைவரிசையும் வேண்டும் என்றால் நாடுகள் ஐ.டி.யு-விடம் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் முதலில் வந்தவருக்கே முன்னுரிமை.

சுமார் 1 லட்சம் பேர் வாழும் டோங்கா என்ற பசிபிக் தீவு நாடு, 1980-களின் கடைசியில் 16 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டது. சொந்தமாக ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. இடத்தைப் பிடித்து வாடகைக்கு விடுவதுதான் திட்டம். பெரிய நாடுகள் கொதித்தன. கடைசியில் 6 இடங்களோடு ஒப்பந்தமானது. டோங்கா செய்தது தந்திரம்தான். ஆனால் பணக்கார நாடுகள் அதுவரை செய்ததும் அதேதான், ராக்கெட் இருந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இப்போது கூட்டம் கீழே, தாழ்வான சுற்றுப்பாதைகளில். ஸ்டார்லிங்க் மட்டுமே ஆயிரக்கணக்கில் ஏவிவிட்டது. 2021-ல் ருவாண்டாவின் பெயரில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்களுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. இப்படிக் காகிதத்திலேயே பறக்கும் செயற்கைக்கோள்களைக் கட்டுப்படுத்த 2019-ல் ஒரு விதி போட்டார்கள்: பெரிய கூட்டமாக அனுப்புபவர்கள் முதல் ஏழு வருட அவகாசம் முடிந்த பிறகு, அடுத்த 2 வருடத்தில் 10 சதவீதம், 5 வருடத்தில் 50 சதவீதம், 7 வருடத்தில் முழுவதும் ஏவியிருக்க வேண்டும். இல்லையென்றால் அனுமதி சுருங்கும்.

ஈரான் மொட்டைமாடியில் ஒரு டிஷ்

கடிதம் எழுதும் அமைப்பின் எல்லை எங்கே முடிகிறது என்பதை ஈரான் காட்டியது. 2022-ல் மாஷா அமினியின் மரணத்துக்குப் பிறகு அங்கே போராட்டம் வெடித்தது. அரசு இணையத்தை முடக்கியது. ஸ்டார்லிங்க் கருவிகள் ரகசியமாக உள்ளே போயின. எங்கள் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் சேவை நடக்கிறது என்று ஈரான் ஐ.டி.யு-விடம் புகார் கொடுத்தது. புகாரை விசாரித்தது 12 உறுப்பினர்கள் கொண்ட வானொலி ஒழுங்குமுறை வாரியம். ஸ்டார்லிங்க் பதிவுகள் அமெரிக்கா, நார்வே ஆகிய நாடுகள் வழியாக வந்தவை என்பதால், அனுமதியில்லாத கருவிகளை முடக்க நடவடிக்கை எடுங்கள் என்று அந்த இரண்டு நாடுகளையும் கேட்டுக்கொண்டது.

சட்டப்படி வாரியம் சொன்னது சரிதான். எந்த நாட்டு மண்ணில் கருவி இருக்கிறதோ அந்த நாட்டு அனுமதி வேண்டும். இந்தியாவும் இதைத்தான் பிடித்தது. 2021-ல் ஸ்டார்லிங்க் முன்பதிவு ஆரம்பித்தபோது, லைசென்ஸ் இல்லை, பணம் கட்டாதீர்கள் என்று மத்திய அரசு மக்களை எச்சரித்தது. லைசென்ஸ் கிடைத்தது 2025 ஜூனில்தான்.

ஆனால் தெஹ்ரானில் மொட்டைமாடியில் டிஷ்ஷை மறைத்து வைத்திருப்பவரின் இடத்தில் இருந்து பாருங்கள். வெளியுலகத்தோடு அவருக்கு இருப்பது அந்த ஒரே கயிறு. அதை அறுக்கச் சொல்வது ஐ.நா.வின் ஓர் அமைப்பு. ஐ.டி.யு-வின் சாசனமே, ஒரு நாடு தன் சர்வதேசத் தொலைத்தொடர்பை நிறுத்திவைக்கலாம், மற்ற நாடுகளுக்கு உடனே தகவல் சொன்னால் போதும் என்கிறது. 'எல்லோரையும் இணைப்போம்' என்று பேசும் அமைப்புக்குள் இப்படியும் ஒரு விதி. என்னைக் கேட்டால், நாடுகளின் கிளப் ஒன்றிடம் தனிமனிதருக்கான நியாயத்தை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

கருவிகள் முடங்கினவா? 2025 ஜூனில் இஸ்ரேல் போரின்போது ஈரான் மறுபடி இணையத்தைக் கட்டுப்படுத்தியது. ஸ்டார்லிங்க் அங்கே இயங்குகிறது என்று எலான் மஸ்க் எக்ஸ் தளத்தில் வெளிப்படையாகவே பதிவிட்டார்.

மறுபக்கம் ரஷ்யா. தங்கள் செயற்கைக்கோள் சிக்னல்கள் கெடுக்கப்படுவதாக 2024-ல் பிரான்ஸ், ஸ்வீடன், உக்ரைன் உள்ளிட்ட நாடுகள் புகார் செய்தன. இடையூறு மாஸ்கோ, காலினின்கிராட் பகுதிகளில் இருந்து வருவதாகத் தெரிகிறது, நிறுத்துங்கள் என்று அதே வாரியம் ரஷ்யாவிடம் சொன்னது. ஒரே மாதிரி கடிதம்தான். ஒரு முறை போனது வாஷிங்டனுக்கு, இன்னொரு முறை மாஸ்கோவுக்கு. இருவருமே ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளும் வகை இல்லை.

அடுத்து என்ன?

அடுத்த உலக வானொலித் தொடர்பு மாநாடு 2027-ல் சீனாவின் ஷாங்காயில். நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் அம்சம் அதில் இருக்கிறது. டிஷ் எதுவும் இல்லாமல், நம் கையில் இருக்கும் சாதாரண போனோடு செயற்கைக்கோள் நேரடியாகப் பேச எந்த அலைவரிசைகளைக் கொடுப்பது என்று அங்கே பேசப்போகிறார்கள். டவர் எட்டாத ஆழ்கடலில் இருக்கும் மீனவருக்கு அது பெரிய விஷயம். டவருக்கும் ஸ்பெக்ட்ரம் ஏலத்துக்கும் கோடிகளைக் கொட்டிய கம்பெனிகளுக்குத் தலைவலி. இணையத்தை முடக்க நினைக்கும் அரசுகளுக்கு இனி தேட வேண்டியது மொட்டைமாடி டிஷ்ஷை அல்ல, எல்லோர் பாக்கெட்டிலும் இருக்கும் போனை.