பாஸ்டர் மாறலாம், சபை உடையலாமா?

தோட்டத்துத் தோழர்களே! நாம் மதம் பேச வரவில்லை. கோயிலானாலும் சபையானாலும் அதை நடத்துவது உழைப்பாளியின் காசு. அந்தக் காசைப் பற்றியும், அதனாலே வருகிற பிளவைப் பற்றியும்தான் இந்த வாரம் பேசுகிறோம்.

தோட்டங்களிலும் பக்கத்துத் தாமான்களிலும் முப்பது, நாற்பது குடும்பங்களை வைத்து நடக்கிற சிறிய பெந்தெகொஸ்தே சபைகள் உண்டு. புதிய பாஸ்டர் வருகிறார். முதல் வருஷம் புகழ்ச்சி, இரண்டாம் வருஷம் முணுமுணுப்பு, மூன்றாம் வருஷம் மூட்டை கட்டுகிறார். சும்மா போவதில்லை, பத்துக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போய் வேறு இடத்திலே போர்டு மாட்டுகிறார். அண்ணனுக்கு ஒரு சபை, தம்பிக்கு ஒரு சபை. கல்யாணம், சாவுக்குக்கூட முகம் பார்ப்பதில்லை!

ஏன் இந்த நிலை? "என்னை அழைத்தவர் கர்த்தர், மனுஷன் கேள்வி கேட்கக் கூடாது" என்கிறார் பாஸ்டர். "நான் இல்லாவிட்டால் சபையே இல்லை" என்கிறார் இடம் கொடுத்த மூப்பர். எழுத்திலே எந்த விதியும் இல்லை. பாஸ்டருக்குச் சம்பளம் இவ்வளவு என்ற முடிவும் இல்லை. காணிக்கைப் பெட்டியைப் பார்த்துத்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. நிச்சயமில்லாத சம்பளத்திலே நாம் மட்டும் நிலைத்து நிற்போமா?

மெதடிஸ்த் சபையிலே யார் எங்கே ஊழியம் செய்வது என்பதை பிஷப் மாநாட்டிலே அறிவிக்கிறார். தனித்து நடக்கிற சபைகளுக்கு அப்படி ஒரு மேலிடம் கிடையாது. ஆகவே விசுவாசிகளேதான் விதி வகுத்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் பாருங்கள். 2025-இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதிலே தசமபாகம் 170 வெள்ளி. நாற்பது பேர் கொடுத்தால் 6,800 வெள்ளி! பால் மரம் சீவி, செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த காசு. இதற்கு ரசீது கேட்டால் விசுவாசக் குறைவா? எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. யாரும் குறை சொல்லக் கூடாதென்று சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட்டிக்கொண்டார். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்.

சட்டமும் உண்டு. 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, சங்கமாகப் பதிவான சபை ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் அறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். நிர்வாகிகள் யார் என்பதே தகராறு ஆகிவிட்டால், ஒரு மாதத்துக்குள் தீர்த்து ஆதாரம் காட்டச் சொல்லிப் பதிவதிகாரி உத்தரவிடலாம். காட்டாவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நாளை தோட்டம் கைமாறினால், கம்பெனி நிலத்திலே நிற்கிற ஜெப வீட்டுக்கு மாற்று இடம் கேட்பது யார்? இரண்டு கூட்டம் இரண்டு கடிதத்தோடு போய் நின்றால் நிர்வாகம் இரண்டையும் மேசையிலே போட்டுவிட்டுச் சிரிக்கும். சங்கத்திலே நாம் படித்த பாடம் இதுதானே!

ஆகவே அடுத்த கூட்டத்திலேயே நான்கு காரியங்களைக் கேளுங்கள். பாஸ்டரின் சம்பளமும் தவணையும் எழுத்திலே இருக்கட்டும். பேங்க் கணக்குக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். வருஷா வருஷம் கணக்கு வாசிக்கப்படட்டும். நிர்வாகிகளை விசுவாசிகளே தேர்ந்தெடுக்கட்டும். பெண்களும் எழுந்து பேசட்டும். பாஸ்டர் வரலாம், போகலாம். சபை உங்களுடையது.