சக்கரத்தைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்டட்டுகள்

கோடை விடுமுறை வந்தால் மும்பையிலும் புனேயிலும் இருக்கும் நம்மவர்களில் பலர், ரயில் டிக்கெட் கிடைக்காமல் சொந்தக் காரிலேயே ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம். கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாகச் சென்னை போய்ச் சேர 1300 கிலோமீட்டர் ஆகிறது. அப்படிப் போன ஒரு முறை, ஹூப்ளி தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது, எங்கள் பழைய மாருதி 800-இன் பின் சக்கரத்தில் நான்கு நட்டுகளில் ஒன்றைக் காணோம். நட்டு மட்டுமல்ல, அது ஏறியிருந்த ஸ்டட்டே முறிந்து போயிருந்தது. அந்தச் சக்கரத்துக்கு மேலேதான் அம்மாவும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை அங்கேயே நிறுத்தி, மெக்கானிக்கை அழைத்து வந்து, புது ஸ்டட் போட்ட பிறகே புறப்பட்டோம். ஊர் திரும்பியதும் அந்தச் சக்கரத்தின் மற்ற மூன்றையும் வீட்டிலேயே நான் மாற்றினேன். அப்போது கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முறிந்தது ஏன்? புறப்படுவதற்கு முன் பஞ்சர் ஒட்டிய இடத்தில், ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று முடுக்கினார்கள். ‘நன்றாக டைட் செய்கிறார்’ என்று நானும் மகிழ்ந்தேன். அதுதான் தவறு.

ஸ்டட் என்பது சக்கரத்தைத் தாங்கும் வெறும் ஆணி அல்ல. நட்டை முடுக்கும்போது ஸ்டட் மயிரிழை அளவு நீள்கிறது. சுருங்க முயலும் அந்த இழுவிசைதான் சக்கரத்தை டிரம்மோடு அழுத்திப் பிடிக்கிறது. அளவுக்கு மேல் இழுத்தால் அது மீளாமல் நீண்டு பலமிழக்கும். தளர்வாக விட்டாலோ, சக்கரம் அசைந்து அசைந்து கம்பியை மடக்கி ஒடிப்பதுபோல ஸ்டட்டை ஒடித்துவிடும். 30 சென்டிமீட்டர் ஸ்பானரில் கையால் 30 கிலோ விசை கொடுத்தால் முறுக்கு 9 கிலோகிராம்-மீட்டர். ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 60 கிலோ ஆள் ஏறி நின்றால் 60! பெரும்பாலான சிறிய கார்களுக்குத் தேவைப்படுவது 12-க்குள் அடங்கிவிடும். உங்கள் வண்டிக்குரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும்.

ஒன்று முறிந்தால் அதன் பாரத்தை மற்ற மூன்றும் சுமந்திருக்கும். ஆகவே அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய ஸ்டட்டைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று குறுக்களவு, மரை, நீளம், தலைக்குக் கீழுள்ள பற்கள் நான்கையும் ஒப்பிட்டு வாங்க வேண்டும். புது நட்டு விரலாலேயே கடைசி வரை சுழன்று ஏற வேண்டும்.

மாருதி 800-இன் பின் சக்கரத்தில் ஸ்டட்டுகள் பிரேக் டிரம்மிலேயே பதிந்திருக்கும். வேலை இப்படி:

1. சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் டிரம் வராது. அதை விடுவித்தாக வேண்டும். ஆகவே கட்டைகள் உறுதியாக இருக்கட்டும்.

2. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கி கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. உறுதியான ஸ்டாண்டு ஒன்றைக் கொடுத்து, கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள்.

3. நடுமூடி, பின்னூசி, நடு நட்டு ஆகியவற்றைக் கழற்றி டிரம்மை எடுங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

4. டிரம்மின் ஆழத்தைவிட நீளமான குழாய்த் துண்டை, ஸ்டட்டின் தலை உள்ளே விழுமாறு, அதற்கு நேர் கீழே நிறுத்தித் தாங்கல் கொடுங்கள். வெளிப்பக்கமிருந்து ஸ்டட்டை மட்டும் தட்டி இறக்குங்கள். டிரம் வார்ப்பிரும்பு, அதன் மேல் அடி பட்டால் விரிசல் விடும்.

5. துளையைச் சுத்தம் செய்து, புது ஸ்டட்டைப் பின்பக்கமிருந்து, பற்கள் பழைய பள்ளங்களில் பொருந்தும்படி நுழையுங்கள். முன்பக்கம் தடித்த வாஷர்கள் சிலவற்றை இடையே கிரீஸ் தடவிப் போட்டு, பழைய நட்டு ஒன்றின் தட்டைப் பக்கம் வாஷரைத் தொடும்படி ஏற்றி, மெல்ல முடுக்குங்கள். ஸ்டட் தானாக இழுபட்டு வரும். தலை டிரம்மோடு இடைவெளியின்றி ஒட்டியதா என்று பின்னால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஸ்டட் துளையில் சுழன்றால் துளை தேய்ந்துவிட்டது என்று பொருள். டிரம்மையே மாற்ற வேண்டும். வெல்டிங் வைக்கவே கூடாது.

6. டிரம்மை மாட்டி, நடு நட்டைக் கையேட்டின் அளவுக்கு முடுக்கி, புதுப் பின்னூசி போடுங்கள். சக்கர நட்டுகளின் கூம்புப் பக்கம் சக்கரத்தைப் பார்த்திருக்கட்டும். எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக முடுக்குங்கள். சக்கர ஸ்டட் மரையில் எண்ணெய் வேண்டாம். வழுக்கினால் அதே முறுக்குக்கு இழுவிசை கூடிவிடும்.

ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்ப்பதை மறக்காதீர்கள்.

முன் சக்கரத்தில் அச்சுத்தண்டையும் பேரிங்கையும் கழற்ற நேரும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

மாருதி 800 கடைசியாக வெளிவந்தது 2014-இல். ஆகவே நம் குடியிருப்புகளில் நிற்கும் மாருதி 800 எல்லாம் பத்து வயதைத் தாண்டியவை; கடற்காற்றும் மழையும் கண்டவை. இந்தக் கோடையில் புறப்படுமுன், துணிமணிகளை அடுக்குவதற்கு முதல் நாள், நான்கு சக்கரங்களின் பதினாறு நட்டுகளையும் நீங்களே ஒருமுறை கையால் சரிபாருங்கள். தேர் எவ்வளவு பெரியதானாலும் அச்சாணியை நம்பித்தானே ஓடுகிறது!