மேட்டோரத்து வேப்பம்பூ

பங்குனி பிறந்துவிட்டால் கோலார் தங்கவயலில் நந்திதுர்க் பக்கம் பூவுக்குக் குறைவில்லை. காய்ந்த தரையில் புங்கமரத்தடி மட்டும் பொரி இறைத்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். சாயங்காலக் காற்றில் வேப்பம்பூ மணக்கும். காலி நிலமெல்லாம் ஆவாரை மஞ்சளாகவும் எருக்கு ஊதாவாகவும் நிற்கும்.

வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தங்கச் சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்கள் பாட்டி வைத்தியத்தையும் கூடவே கொண்டுவந்தன. எருக்கம்பூ பிள்ளையாருக்கு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவைப்பார்கள். ஆவாரை பூத்த ஊரில் சாவு அண்டாது என்பது பழைய நம்பிக்கை. பூவைக் காயவைத்துக் கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறவர்கள் இன்றும் உண்டு. குடிக்கட்டும், ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை அதற்காக நிறுத்தக் கூடாது. வேப்பம்பூ எல்லோருக்கும் பொது. யுகாதிக்குத் தெலுங்கு, கன்னட வீடுகளில் அது வெல்லத்தோடு சேரும். சித்திரை முதல் நாள் நம் வீட்டில் மாங்காய்ப் பச்சடியில் விழும். மூன்று மொழி பேசும் ஊரில் ஒரே கசப்பு எல்லார் நாக்கிலும் படுவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஆனால் அந்தப் பூவை எங்கே பொறுக்குகிறோம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். சுரங்கத்திலிருந்து வந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தார்கள். மிஞ்சிய சக்கைதான் ஊரைச் சுற்றி மலைமலையாக நிற்கும் சயனைடு மேடுகள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. மேடுகள் அங்கேயே நிற்கின்றன. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் பெரும்பாலும் சிதைந்துவிடும். பாறையோடு வந்த ஆர்சனிக் போன்றவை அப்படிப் போவதில்லை. செடி அவற்றில் கொஞ்சத்தை வேர் வழியே இழுத்துக்கொள்ளும். அதைவிட, காற்றடிக்கும்போது கிளம்பும் வெள்ளைத் தூசி பூவிலும் இலையிலும் நேராகவே படியும். கழுவினால் மேலே ஒட்டியது ஓரளவு போகும், உள்ளே ஏறியது போகாது. கஷாயத்தை நாலில் ஒன்றாகச் சுண்டவைத்தாலும் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். ஆர்சனிக் போன்றவை பாத்திரத்திலேயே தங்கும்.

கைவைத்தியம் தெரிந்தவர்கள் சுடுகாட்டு மூலிகையையும் சாக்கடையோர மூலிகையையும் தொடமாட்டார்கள். அந்தப் பட்டியலில் சயனைடு மேட்டையும் சேர்க்க வேண்டியது நம் பொறுப்பு. அங்கே பூப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். பச்சடிக்கு வேண்டிய வேப்பம்பூவை மேட்டுக்காற்று எட்டாத மரத்தடியில், சுத்தமான வேட்டி விரித்து உலுக்கி எடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.