டயாலிசிஸ் அட்டவணைக்குள் ஒரு குற்றாலம்

சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். இதுதான் டயாலிசிஸ். செலவையும் தூரத்தையும் பார்த்து வாரம் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். இரண்டோ மூன்றோ, அந்த நாட்களை நகர்த்த முடியாது. தீபாவளியன்று முறை வந்தால் தீபாவளியன்றுதான். வீட்டில் கல்யாணம் என்றால் டயாலிசிஸ் முடித்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும். இப்படி வாழும் ஒரு கணவன் மனைவியிடம் "எங்கேயாவது நாலு நாள் போய்ட்டு வாங்களேன்" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் மனம் நோகும் என்று நினைக்கிறார்கள். மருத்துவர்களும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் கணவர் டயாலிசிஸில் இருப்பவர். சென்னையிலிருந்து நாங்கள் இருவரும் சாரல் காலத்தில் குற்றாலம் போய் வந்தோம்.

"இந்த உடம்போட ஊர் சுத்தணுமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். அக்கறையில் வந்த கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது: நோயாளிக்குச் சிகிச்சை போதும், மகிழ்ச்சி உடம்பு சரியானபின் வரட்டும் என்ற தீர்ப்பு. நாள்பட்ட நோயில் அந்த "சரியானபின்" வருவதில்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலும் மாத்திரையும் பரிசோதனையும் வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

டயாலிசிஸ் எதற்காக வந்தது என்பதைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1943-ல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கியிருந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால், சில வாரங்களில் குணமாகக்கூடிய சிறுநீரகக் கோளாறுக்கு மட்டுமே அது பயன்பட்டது. நிரந்தரமாகச் செயலிழந்தவர்களுக்கு வழி இல்லை. 1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், கையிலேயே பொருத்தி வைக்கும் டெஃப்ளான் குழாய் ஒன்றைப் பயன்படுத்தினார். அதைப் பொருத்திக்கொண்ட கிளைட் ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளி அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய ஆயுள் அது. அந்த 11 ஆண்டுகளைப் படுக்கையில் கிடப்பதற்காக யாரும் அவருக்கு மீட்டுக் கொடுக்கவில்லை.

சரி, எப்படிப் போவது? டயாலிசிஸைத் தள்ளிப் போட்டுவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் முதலில் ஒழிய வேண்டும். 2011-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்ட சுமார் 32,000 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தது. வார இறுதியில் வரும் நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் இறப்பும் இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்வதும் கூடுதல் என்று தெரிந்தது. வழக்கமான இடைவெளியிலேயே இவ்வளவு ஆபத்து என்றால், சுற்றுலாவுக்காக ஒரு முறையை விடுவது பற்றிப் பேசவே கூடாது. மெஷின் இருக்கும் ஊராகப் பார்த்துத்தான் போக வேண்டும்.

குற்றாலத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முதல் காரணம். அருவிக்கரையிலிருந்து சில கிலோமீட்டரில் தென்காசி. மாவட்டத் தலைநகரம், டயாலிசிஸ் வசதியுள்ள ஊர். கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்க வேண்டாம். எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தென்காசி.

நாட்களை எங்கள் மருத்துவர்தான் அடுக்கித் தந்தார். திங்கள் காலை சென்னையில் டயாலிசிஸ், அன்று இரவு ரயில். செவ்வாய் முழுக்க ஓய்வும் ஊரும். புதன் காலை தென்காசியில் டயாலிசிஸ். வியாழன் மறுபடி எங்கள் நாள். வெள்ளி காலை டயாலிசிஸ் முடித்து மாலை ரயில். டயாலிசிஸ் செய்த அன்று உடம்பு துவண்டு கிடக்கும். மறுநாள்தான் நோயாளிக்கு நல்ல நாள். அந்த நல்ல நாளைப் பயணத்தில் வீணாக்காமல் அருவிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். இதைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் கேட்கத் தயங்கியதுதான் பல மாதம்.

வெளியூர் நோயாளிக்கு இடம் கிடைப்பது எளிதல்ல. பெரும்பாலான மையங்களில் மூன்று ஷிப்ட்டும் உள்ளூர்க்காரர்களாலேயே நிரம்பியிருக்கும். "சார், மெஷின் காலி இல்லையே" என்ற பதிலைப் பல இடங்களில் கேட்ட பிறகுதான் தென்காசியில் ஒரு தனியார் மையத்தில் இடம் கிடைத்தது. சிகிச்சைக்கான காப்பீட்டு அனுமதி சென்னை மருத்துவமனையின் பேரில் இருந்ததால் இங்கே கைக்காசு கொடுத்தோம். மூன்று, நான்கு வாரம் முன்னதாகவே பேசத் தொடங்குவது நல்லது. அவர்கள் கேட்பவற்றை ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்: ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளின் அண்மைய முடிவுகள், கடைசி மூன்று டயாலிசிஸ் சார்ட்டுகள், டிரை வெயிட் (கூடுதல் நீர் நீங்கியபின் இருக்க வேண்டிய எடை), எந்த டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் குழல்), ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் அளவு, ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், மருத்துவரின் கடிதம். வைரஸ் பரிசோதனை முடிவு பழையதாக இருந்தால் மையம் மறுத்துவிடும். அது நியாயம்தான், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரின் பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

ரத்தசோகைக்குப் போடும் எரித்ரோபாய்டின் ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஐஸ் பேக்குடன் ஒரு சின்னப் பெட்டி. ரயிலில் கீழ் பெர்த். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம், உள்ள இடது கை உடம்புக்கடியில் மடங்காதபடி தலையணையை ஒட்டிப் படுக்க வேண்டும். பெட்டிகளை நான்தான் தூக்கினேன். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, யாரும் அதில் பி.பி. பார்க்கவும் கூடாது. தினமும் காலையில் அந்தக் கையைத் தொட்டு, தோலுக்கடியில் ரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால்தான் அன்றைய பொழுது விடியும் எங்களுக்கு. பொதிகை ரயிலிலும் அப்படித்தான் விடிந்தது.

இன்னொரு விஷயம், மாற்றுச் சிறுநீரகத்துக்காகப் பதிந்து காத்திருப்பவர்களுக்கு. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டம் 2008 முதல் முறைப்படி நடக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பவரை எந்நேரமும் கூப்பிடுவார்கள்; கூப்பிட்டால் சில மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அதனால் வெளியூர் போகும் தேதிகளை மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அருவிக்கரையில், பட்டியலில் இருக்கும் என் கணவரின் செல்போனைப் பாலிதீன் பையில் சுற்றி என் கையிலேயே வைத்திருந்தேன்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. டயாலிசிஸ் நோயாளி ஒரு நாளில் குடிக்கக்கூடிய திரவம், அவருக்குப் போகும் சிறுநீரின் அளவுக்கு மேல் கூடுதலாகச் சுமார் அரை லிட்டர்தான். காப்பி, சாம்பார், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள். மீறினால் கால் வீங்கும், நுரையீரலில் நீர் சேரும், மூச்சு முட்டும். வீட்டில் இந்தக் கணக்குக்கு நான் காவல். அவர் டம்ளரை எடுத்தால் என் கண் தானாக அங்கே போகும். அவருக்கு அது தெரியும். அதனால் அடுக்களைக்கு வந்து திரும்பிவிடுவார். மனைவியாக இருந்தவள் வார்டு நர்ஸாக மாறிப்போவது ஒரே நாளில் நடப்பதில்லை. நோய் வந்த வீடுகளில் அன்பு குறைவதாக நான் நினைக்கவில்லை. அதைக் காட்ட நேரமில்லாமல் போகிறது, அவ்வளவுதான். மருந்தும் அளவும் தேதியும் பேசி முடித்தபின் பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஆகவே ரயில் ஏறுமுன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஊரில் இருக்கும் நாட்களில் தண்ணீர்க் கணக்கு அவர் பொறுப்பு. நான் கேட்க மாட்டேன், பார்க்கவும் மாட்டேன். "என்னங்க, போதுமா?" என்று வாய் வரை வந்ததைப் பல தடவை விழுங்கினேன்.

பேரருவியில் அவர் நிற்கவில்லை. அந்த வேகத்தில் விழும் தண்ணீர் ஃபிஸ்டுலா கையில் அடிக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊசி குத்திய அன்று அந்த இடம் நனையவும் கூடாது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் (லைன்) போட்டிருப்பவர்களுக்கு அருவிக் குளியல் அறவே கிடையாது. கிருமி நேரே ரத்தத்தில் இறங்கும். என் கணவர் சிற்றருவிப் பக்கம் கூட்டமில்லாத விடியலில், இடது கையை வெளியே நீட்டிக்கொண்டு, முதுகை மட்டும் கொஞ்ச நேரம் காட்டினார். பிறகு சித்திர சபைக்குப் போனோம். நடராசரின் ஐந்து சபைகளில் ஓவியங்களுக்கான சபை அது. நிழல், அமைதி, ஏற வேண்டிய படிகள் அதிகமில்லை. சுவரோவியங்களை அவர் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். அன்று நாங்கள் டயாலிசிஸ் பற்றிப் பேசவே இல்லை. கல்யாணமான புதிதில் பார்த்த ஊர்களைப் பற்றிப் பேசினோம்.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். செங்கோட்டைப் பக்கம் பரோட்டாவும் சால்னாவும் பெயர் பெற்றவை. உப்பும் அதே அளவு. பரோட்டாவில் பாதி, சால்னா தொட்டுக்கொள்ள மட்டும் என்று அவரே வைத்துக்கொண்டார். நேந்திரங்காய் சிப்ஸ், இளநீர் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், அது இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. இன்னும் முக்கியமாக ஒன்று: மலையடிவாரப் பழக்கடைகளில் ஸ்டார் ஃப்ரூட், அதாவது தமரத்தங்காய் கண்ணில் பட்டால், சிறுநீரகம் செயலிழந்தவர்கள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கக் கூடாது. அதிலுள்ள நஞ்சு ஆரோக்கியமானவர்களுக்குச் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். இவர்களுக்கு மூளையைத் தாக்கும். நிற்காத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு, உயிரிழப்பு வரை போகும். பழம்தானே என்று யாராவது கொடுத்துவிடுவார்கள். தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

புதன்கிழமை தென்காசியில் எடை பார்த்தபோது வழக்கத்தைவிட அரைக் கிலோ கூடியிருந்தது. யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. கடைசி மணி நேரத்தில் அவருக்குக் கால் இழுத்துக்கொண்டது; டெக்னீஷியன் தம்பி ஓடி வந்து மெஷினைச் சரிசெய்து காலை நீவிவிட்டார். பக்கத்துக் கட்டிலில் கடையநல்லூர்க்காரர் ஒருவர் படுத்திருந்தார். "அண்ணாச்சி, சீசனுக்கா வந்திருக்கீய?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். ஆமாம் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நா இங்கனயே கெடக்கேன். அருவியப் பாத்து அஞ்சு வருசமாச்சு." வாசலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் வெளியே வந்ததும் பேசினேன். "ஆட்டோவுல பத்து நிமிசந்தான். ஆனா கூட்டிட்டுப் போயி ஏதாச்சும் ஆயிட்டா எல்லாரும் என்னையத்தான சொல்லுவாவ" என்றார். மெஷினுக்கோ பணத்துக்கோ முன்னால் இந்தப் பயம் நிற்கிறது. மருத்துவர் வாயால் "போய்ட்டு வாங்க, இப்படி இப்படிப் போங்க" என்று ஒரு வார்த்தை வந்தால் பாதி பயம் போய்விடும். மாத்திரைச் சீட்டில் எழுதித் தந்தால் இன்னும் நல்லது.

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு மெஷின் தேட வேண்டியதில்லை. ஆனால் வயிற்றுக்குள் விடும் திரவம் 2 லிட்டர் பைகளில், ஒரு நாளைக்கு மூன்றோ நான்கோ. நான்கு நாளுக்கே 24 முதல் 32 கிலோ வரை சுமை. விடுதி அறையில் பை தொங்கவிட ஒரு கொக்கி, கை கழுவச் சோப்பும் ஓடும் தண்ணீரும், திரவம் மாற்றும்போது மின்விசிறியை நிறுத்திக் கதவை மூடிக்கொள்ளும் வசதி ஆகியவை வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. அதே பை, போகிற ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும்படி செய்தால் எத்தனையோ பேர் வெளியே போவார்கள்.

மெஷினில் இருப்பவர்களுக்கும் அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சிகிச்சைக்காக ரயிலில் போகும் சிறுநீரக நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது. எங்கள் பயணம் அந்த வகையில் வராது என்பதால் முழுக் கட்டணம் கொடுத்தோம். அதில் குறை இல்லை. குறை வேறு இடத்தில். 2016-ல் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்தது. அதன் இணையதளம் மூலம் ஒரு நோயாளி எந்த ஊரிலும் டயாலிசிஸ் பெறும் நிலையை உண்டாக்குவதே நோக்கம் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 'ஒரே நாடு, ஒரே டயாலிசிஸ்' என்று அதற்குப் பெயரும் உண்டு. ஆனால் தென்காசியில் நாங்கள் கைக்காசு கொடுத்துத்தான் இடம் பெற முடிந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டால் சொந்த நாட்டின் காப்பீட்டு அட்டையைக் காட்டி இன்னொரு நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ள முடிகிறது. சென்னை நோயாளி தென்காசியில் படுக்க முடிவது அதைவிடச் சிறிய காரியம்.

குற்றாலம், ஊட்டி, கொடைக்கானல், ராமேசுவரம், கன்னியாகுமரி ஆகிய ஊர்களுக்குப் பக்கத்தில் உள்ள அரசு டயாலிசிஸ் மையங்களில் ஒரு மெஷினை, முடியாவிட்டால் ஒரு ஷிப்ட்டை, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கென்று ஒதுக்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கேயும் செல்லட்டும். சுகாதாரத் துறையிடம் டயாலிசிஸ் குடும்பங்கள் சார்பில் நான் வைக்கும் கோரிக்கை இதுதான்.