பல்லைப் பிடுங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

பதுளை நகரத்துக்குப் பல் வலியோடு வைத்தியம் நாடி வருவோர் எல்லோரும் நகரவாசிகள் அல்லர். பசறை, லுணுகலை, நமுனுகலை, ஹாலிஎல, தெமோதரை முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். மலைச்சரிவிலுள்ள லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, வரிசையில் இடம்பிடித்து, வைத்தியரின் நாற்காலியை அடைவதற்குள் பொழுது உச்சியை நெருங்கிவிடும். கொழுந்து பறிக்கும் தாயொருத்தி தன் பிள்ளையை அழைத்து வருவாளாயின், அன்றைக்கு அவளுக்குப் ‘பேர்’ இல்லை. பேர் இல்லையெனின் அந்நாட் சம்பளமும் இல்லை. ஆகவே, பிள்ளை இரவெல்லாம் உறங்காது அழும் நிலை வரும்வரை பயணம் தள்ளிப்போடப்படுகிறது. இதில் வியப்பு ஏதும் இல்லை.

ஆனால், வலி என்பது பற்சூத்தையின் தொடக்கம் அன்று; அஃது ஏறக்குறைய அதன் இறுதிக் கட்டம். வலி கண்டபின் வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதே வழியாக முடிகிறது. பிடுங்கப்படுவது பால்பல்லாயின் இழப்பு ஓரளவோடு நிற்கும். ஏறத்தாழ ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால், ஒரு பல்லும் விழாமலேயே புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதனையும் பால்பல் என்று எண்ணிக் கவனியாது விடும் பெற்றோர் பலர். அது விழுந்து முளைக்கும் பல் அன்று. வாழ்நாள் முழுவதும் உணவை அரைத்துத் தர வேண்டிய நிலையான பல். அதனை எட்டு, ஒன்பது வயதிலேயே இழந்துவிடும் பிள்ளைக்கு அந்த இடத்தில் இயற்கை மறுபடியும் பல்லைத் தருவதில்லை.

பற்சூத்தை எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் அறிதல் நலம். பல்லின் மேற்போர்வையாகிய எனாமல், உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானது. எனினும் அமிலத்துக்கு அது தோற்றுவிடும். பல்லின்மேல் படியும் மெல்லிய படலத்தில் வாழும் நுண்கிருமிகள், உண்ணும் சீனியைத் தமக்கு உணவாக்கிக்கொண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. சீனி வாய்க்குள் சென்ற சில நிமிடங்களிலேயே அமிலநிலை உயர்ந்து, எனாமலிலுள்ள சுண்ணச்சத்துக் கரையத் தொடங்குகிறது. பின்னர் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தை மெல்ல மெல்லத் திரும்பச் சேர்க்கிறது. இதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை ஆகலாம். கரைதலும் சேர்தலும் நாள்தோறும் நடைபெறும் ஒரு வரவு செலவுக் கணக்கு. செலவு மிஞ்சினால் முதலில் பல்லில் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளி தோன்றும்; பிறகே குழி விழும். வெண்புள்ளி நிலையில் நோயைத் தடுத்து நிறுத்தலாம், மீட்கவும் கூடும். குழி விழுந்தபின் பல் தானாக மீள்வதில்லை.

இனி, ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராக்களில் வாழும் இரு பிள்ளைகளை எடுத்துக்காட்டாகக் கொள்க. இருவரும் ஒரே வயதினர். ஒரே பாடசாலையில் படிப்பவர்கள். ஒரே பீலியில் வாய் கொப்பளிப்பவர்கள். ஒரு பிள்ளைக்கு நான்கு பற்களில் சூத்தை. மற்றப் பிள்ளைக்கு ஒன்றிலும் இல்லை. இந்த வேற்றுமைக்குக் காரணம் விதி என்று சொல்லிவிட்டு நகர்தல் எளிது. அந்தக் காரணத்தைத் தேடுவதே இக்காலப் பல் வைத்தியத்தின் முக்கியமான பணியாகும்.

ஒரே சூழலில் வாழ்வோரிடத்தும் நோயின் போக்கு வேறுபடும் என்பதற்கு மலையகத் தோட்டத் தொழிலாளரே உலகுக்குச் சான்றாக நின்றிருக்கிறார்கள். 1970-ஆம் ஆண்டில், ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டு அறிஞரும் அவருடைய துணைவரும், ஊவாவுக்கு அயலதாகிய நுவரெலியா மாவட்டத்து டன்சினன், ஹரோ என்னும் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்து, அவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அத்தொழிலாளர் பற்றூரிகையும் பற்சிகிச்சையும் அறியாதவர்கள். 1986-இல் வெளியான முடிவு உலகெங்கும் பல் வைத்திய மாணவரால் இன்றும் கற்கப்படுகிறது. ஏறத்தாழ எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆயினும், பல்லைத் தாங்கும் திசுக்களின் அழிவு நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேரிடம் விரைவாகவும், 81 பேரிடம் மிதமாகவும் நடந்தது. 11 பேரிடம் ஈறு வீக்கத்துக்கு அப்பால் நோய் முற்றவே இல்லை. அதே மக்களிடத்தில் பற்சூத்தை மட்டும் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லத்தக்கதாயிருந்தது.

இந்த ஆய்வு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. ஈறுநோய் வேறு, பற்சூத்தை வேறு. அழுக்கு ஒன்றினால் மட்டும் பற்சூத்தை உண்டாவதில்லை என்பது ஒன்று. ஒரே தொழில், ஒரே வாழ்க்கை உடையோரிடத்தும் ஆபத்து எல்லோருக்கும் சமமன்று என்பது மற்றொன்று. ஆனால், அந்நாளைய தொழிலாளருக்குச் சூத்தை அரிது என்பதைக் கொண்டு இந்நாளைய பிள்ளைகளைப் பற்றி ஆறுதல் கொள்ளலாகாது. 2015–2016-இல் இலங்கை முழுவதிலும் நடந்த வாய்ச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகளுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோரிடம் பற்சூத்தை காணப்பட்டது.

ஆகவே, வரவிருக்கும் நோயை முன்கூட்டி மதிப்பிடும் முறை ஒன்று வகுக்கப்பட்டது. சுவீடன் நாட்டு மால்மோ நகரில் டக்ளஸ் பிராத்தல் என்னும் பேராசிரியர், 1990-களில், ஒருவருக்குப் புதிய சூத்தை வராமலிருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை ஒரு வட்டப் படத்தில் வரைந்து காட்டும் முறையை அமைத்தார். உணவு, கிருமி, உமிழ்நீர், புளோரைட்டு முதலியன ஒவ்வொன்றும் அவ்வட்டத்தில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றன என்பதை நோயாளியே கண்ணால் காணலாம். அம்முறைக்குக் கணிப்பொறி உதவுகிறது. ஆனால் அதன் உட்கருத்துக்குக் கணிப்பொறி வேண்டுவதில்லை. நாற்காலியில் அமர்ந்தவரிடம் சில கேள்விகளைக் கேட்கும் பொறுமை போதும்.

முதற் கேள்வி, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் புதிய சூத்தை வந்ததுண்டா என்பது. வருங்காலத்தை முன்னறிவிப்பதில் இதற்கு இணையான அடையாளம் வேறில்லை. சிறு குழந்தையாயின், தாய்க்கும் உடன்பிறந்தாருக்கும் சூத்தை உண்டா என்று கேட்க வேண்டும். இரண்டாவது, ஈற்றோரத்தில் வெண்புள்ளி தெரிகின்றதா என்பது. இதற்கு விடை சொல்வது வைத்தியரின் கண். மூன்றாவது, வேளை உணவுக்கு இடையே எத்தனை முறை இனிப்பு உண்ணப்படுகிறது என்பது. நான்காவது, புளோரைட்டு அடங்கிய பற்பசையால் இரவும் காலையும் பல் துலக்கப்படுகிறதா என்பது. ஐந்தாவது, வாய் வறட்சி உண்டா என்பது. சில மருந்துகளும் சில நோய்களும் உமிழ்நீரைக் குறைத்துவிடுகின்றன.

இவற்றுள் மூன்றாவது கேள்வியைத் தோட்டத்து வாழ்க்கை அறிந்தே கேட்க வேண்டும். ‘இனிப்பு அதிகம் உண்பதுண்டா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்பதே உண்மையான விடையாக வரும். மிட்டாயும் கேக்கும் நாள்தோறும் வாங்கும் வசதி அங்கே எத்தனை பேருக்கு உண்டு? ஆனால், விடிவதற்கு முன் சீனியிட்ட தேத்தண்ணீர், மலையில் நிற்கும்போது மற்றொன்று, வீடு திரும்பியதும் ஒன்று, இரவில் ஒன்று. பிள்ளைக்கும் அதே தேத்தண்ணீர். அதனோடு ஒரு பிஸ்கட் அல்லது கடைப் பணிஸ். தேயிலையால் பல்லுக்குத் தீங்கில்லை. அவ்விலையில் புளோரைட்டு இயல்பாகவே உண்டு. தீங்கு செய்வது அதில் கரைந்த சீனியும், அது வாயை நனைக்கும் தடவைகளுமேயாகும். நாளில் ஐந்து முறை சீனி சேர்ந்தால், ஐந்து முறை பல் அமிலத்தில் நனைகிறது.

சீனியின் அளவைக் காட்டிலும் அதனை உண்ணும் நேரமும் தன்மையும் முக்கியம் என்பதைச் சுவீடனின் விபேஹோல்ம் ஆய்வு 1954-இல் வெளிப்படுத்தியது. உணவோடு உண்ட சீனியினும், இடைவேளைகளில் உண்ட ஒட்டும் இனிப்பே பல்லை மிகுதியாக அழித்தது. மனவளர்ச்சி குன்றிய மக்களிடம் அவர்தம் சம்மதமின்றி நடத்தப்பட்ட அந்த ஆய்வு, அறத்துக்கு மாறானது என்று பிற்காலத்தில் கண்டிக்கப்பட்டது. அது கற்பித்த பாடத்தையேனும் வீணாக்காதிருத்தல் கடன். தேத்தண்ணீரை விட்டுவிடு என்று தொழிலாளியிடம் சொல்வது நடவாத அறிவுரை. சீனியை வேளை உணவோடு நிறுத்தி, இடையில் வெறுந்தேநீர் அருந்துக என்பதும், இரவில் பல் துலக்கியபின் நீரன்றி வேறொன்றும் வேண்டா என்பதும் நடக்கக்கூடியவை. கைக்குழந்தையை இனிப்புப் பால் போத்தலோடு உறங்கவிடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் முன்பற்கள் முதலில் அழிகின்றன.

கேள்விகளுக்கு விடை கிடைத்தபின் நோயாளரை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஆபத்துக் குறைந்தவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை போதும். இடைநிலையினர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரலாம். ஆபத்து மிகுந்தவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்து, பற்களின்மேல் புளோரைட்டு மெழுகு பூசி, கடைவாய்ப்பல்லின் ஆழ்ந்த பள்ளங்களை மூடிவிட வேண்டும். சிறு குழிகளை இயந்திரமின்றிக் கைக்கருவியாலேயே சுரண்டி அடைக்கும் முறை ஒன்று 1980-களின் நடுப்பகுதியில் தன்சானியாவில் வளர்ச்சி பெற்றது. மின்சாரமும் இயந்திர நாற்காலியும் இல்லாத இடத்திலும் அது பயன்படும். வைத்தியரின் நேரமும் தாயின் சம்பள நாளும் குறைவானவை. குறைவான பொருளை எங்கே செலவிட வேண்டும் என்பதை இந்தப் பிரிவினை காட்டுகிறது. எல்லோரையும் ஒரேவிதமாக நடத்துவது நீதிபோலத் தோன்றும். ஆயின், ஆபத்து மிகுந்த பிள்ளைக்கு அது அநீதியாய் முடியும்.

புளோரைட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. இலங்கையின் வடமத்திய மாகாணத்துக் கிணற்று நீர் பலவற்றில் அது மிகுதியாயிருத்தலால், பிள்ளைகளின் பற்களில் கறை படிகிறது. மழைவளம் மிக்க மலைநாட்டு நீரிலோ அது பொதுவாகக் குறைவு. ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்குப் பற்பசையே முக்கியமான காவல். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவும் போதும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிடலாம். நீரை ஊற்றிப் பலமுறை கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். வேப்பங்குச்சி படலத்தை நீக்கும். ஆனால் புளோரைட்டை அது தாராது.

இக்கேள்விகளைப் பல் வைத்தியர் ஒருவரே கேட்க வேண்டும் என்பதில்லை. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கும் தாதியரைப் பயிற்றும் முறையை 1921-இல் நியூசிலாந்து தொடங்கியது. அந்நாட்டின் உதவியோடு மகரகமையிலும் அத்தகைய பயிற்சி 1950-களில் ஏற்பட்டது. அவ்வழிவந்த பாடசாலைப் பற்சிகிச்சையாளரும், வீடு தேடி வரும் குடும்பநல மருத்துவிச்சியும், பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் பெண்ணும் இவற்றைக் கேட்கலாம். குழந்தையின் மேலுதட்டைத் தூக்கி வெண்புள்ளி உண்டா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அதனைக் கண்டால், வலி வருமுன்னரே வைத்தியரிடம் அனுப்பலாம்.

இம்மதிப்பீடு சோதிடம் அன்று, தவறுவதும் உண்டு. ஆபத்துக் குறைந்தவர் என்று கருதப்பட்டவருக்கும் சூத்தை வரலாம். ஆதலால் ஒவ்வொரு முறையும் கேள்விகளைப் புதிதாகவே கேட்க வேண்டும். கேட்கும் முறையில் குற்றஞ்சாட்டும் தொனி இருத்தலும் ஆகாது. சீனியிட்ட தேநீர், பசியோடு மலையேறும் உடலுக்கு உடனே தெம்பு தரும் மலிவான பொருள். அதனைப் பருகுவோர் அறியாமையால் மட்டும் பருகுவதில்லை.

பதுளைக்கு வரும் அந்தத் தாய் ஒருமுறை தன் சம்பள நாளைச் செலவிட்டுவிட்டாள். பிடுங்கிய பல்லோடு அவள் திரும்பினால், அச்செலவு ஒரு பல்லின் வலியைத் தீர்த்தது என்பதோடு முடியும். அதே நாற்காலியில் ஐந்து கேள்விகளுக்கும் அவள் விடை சொல்லி, பிள்ளையின் மற்றப் பற்களைக் காக்கும் வழியையும் அறிந்து திரும்பினால், அந்த ஒரு நாளின் இழப்பு இனி வரக்கூடிய பல நாள்களின் இழப்பைத் தடுத்துவிடும்.