திப்புவின் துப்பாக்கியும் இன்றைய நகலும்

வேங்கைத் தலை பொறித்த பழந்துப்பாக்கி ஒன்றைக் கண்டால், "ஷஹீத் திப்பு சுல்தானின் பட்டறையில் பிறந்ததோ?" என நம் உள்ளம் துடிக்கும். அத்துடிப்பையே முதலாக்கி வாணிபம் செய்வோரும் உளர். ஆதலின், அசலையும் நகலையும் பிரித்தறியும் வகையைச் சற்றே காண்போம்.

திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்நாட்டுக் கொல்லர்களையும் பிரெஞ்சுக் கைவினைஞர்களையும் அமர்த்திச் சக்கிமுக்கித் துப்பாக்கிகளைச் செய்வித்தார். அவற்றுள் சிறந்தவற்றின் குழலில் வேங்கை வரிகள் ஓடும். செய்த ஊர், செய்தவர் பெயர், சுல்தான் வகுத்த மவ்லூதி ஆண்டு ஆகியனவும் பொறிக்கப்பட்டிருக்கும். ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களின் சிறப்புப் பெயரான 'அஸதுல்லாஹில் காலிப்' என்பதை வேங்கை முகமாக வளைத்தெழுதிய எழுத்தணியை அவருடைய ஆயுதங்கள் சிலவற்றில் காணலாம். 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது, சுல்தான் ஷஹீதானார். துப்பாக்கிகள் கொள்ளைப் பொருளாகிக் கடல் கடந்தன. 2019ஆம் ஆண்டிற்கூட இங்கிலாந்தின் பெர்க்ஷயரில் ஒரு குடும்பத்தார் வீட்டுப் பரணிலிருந்து அவருடைய துப்பாக்கியொன்று வெளிவந்து ஏலம் போயிற்று.

கும்பினிப் படையினர் ஏந்தியது 'பிரவுன் பெஸ்' வகை. அதன் இந்திய வடிவத்திற்குக் குழல் நீளம் 39 அங்குலம். துளை முக்கால் அங்குலம். பழைய போர்களை நடித்துக் காட்டும் மேனாட்டாருக்காக இதன் நகல்கள் இத்தாலியிலும் ஜப்பானிலும் செய்யப்பட்டன. இன்று நம் நாட்டுப் பட்டறைகளும் செய்து அனுப்புகின்றன. எத்துப்பாக்கியால் நம்மை அடக்கினரோ அதனையே நம்மிடம் விலைக்கு வாங்குகின்றனர்!

இனி வேறுபாட்டிற்கு வருவோம். அன்றைய குழல், இரும்புப் பட்டையைக் கம்பியின்மேல் சுற்றிக் காய்ச்சி அடித்து ஒட்டியது. இன்றையது ஒட்டில்லா எஃகுக் குழாய். பிரவுன் பெஸ்ஸின் கட்டை 'வால்நட்' மரம். நம் நாட்டு நகல்களில் பெரும்பாலும் தேக்கோ ஈட்டியோதான். அதனால் பருமனும் மிகும். அன்று திருகாணிகளைக் கையால் கடைந்தனர். ஒரு துப்பாக்கியின் ஆணி மற்றொன்றிற்குப் பொருந்தாது. மருந்து பற்றும் சிறுதுளையைச் சுற்றி இரும்பு அரித்துக் குழிந்திருப்பதும் பழமையின் அடையாளம். ஆண்டுக் கணக்கில் அங்கே தீப்பட்டிருக்கிறதல்லவா! துப்பாக்கி முழுவதும் ஒரே சீராகத் துருவேறியிருப்பின் ஐயுறுக.

சுடுவதற்கு நல்ல நகலே ஏற்றது என்பேன். இருநூறாண்டுக் குழலில் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பு இருக்கலாம். நகல் செய்வதும் பழியன்று. அமிலம் தடவித் துருவேற்றி, வேங்கை வரி வெட்டி, "சுல்தானுடையது" என விற்பதே கள்ளம். மார்க்கம் தடுத்த வாணிபம் அது.

வாங்க விழைவோர் குழலின் பகட்டில் மயங்க வேண்டா. விசைப்பொறியைக் கழற்றி உட்புறத்தைக் காட்டச் சொல்லுக. வெளியே கறுத்த மரம் உள்ளே வெளுத்திருந்தால், விற்பவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துக் கொள்ளலாம்.